பேறுகால மருத்துவமனைத் தொற்று

பிரசவத்துக்காகச் சேர்ந்த தாய்க்கு மருத்துவமனையிலேயே பற்றும் பாக்டீரியா நோய். சிசேரியனே தலையாய காரணி. கத்தி வைப்பதற்கு முந்தைய 1 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி போடுவது அதனால்தான். பனிக்குடம் உடைந்து நெடுநேரமாகியும் பிள்ளை பிறக்காமை, திரும்பத் திரும்ப உள்பரிசோதனை, நஞ்சுக்கொடியைக் கையால் எடுத்தல், சிறுநீர்க் குழாய் பொருத்துதல் ஆகியவையும் கிருமிக்கு வழிவிடும். இரத்தசோகை, உடற்பருமன், நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். மலேசியாவில் நீரிழிவு இந்தியரிடையே மிகுதி; தெலுக் இந்தான் வட்டாரத்தில், தோட்டங்களில் வேர்விட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு இது நேரடியான செய்தி.

1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், சக மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கைகழுவச் செய்ததும் மகப்பேற்று மரணங்கள் சரிந்தன. இன்றும் முதல் காப்பு கைகழுவுவதே. வீடு திரும்பியபின் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், துர்நாற்றமுள்ள பிறப்புறுப்புக் கசிவு, தையலில் சீழ் என ஒன்று தென்பட்டாலும் பத்தியத்தை நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.