கண்ணுக்குத் தெரியாதவனை அடிப்பது எப்படி? ஒரு விளையாட்டு விதியின் 50 வருடக் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடுகிறார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை சொல்லி, 20 பக்கத் தாயக்கட்டையை உருட்டுகிற விளையாட்டு. நடுவர் ஒருவர் இருப்பார். "சேர், இது சூனியம் படிக்கிற வேலையா?" என்று ஒரு தாய் கேட்டார். கேள்வி நியாயமானது. அதனால் விதிப் புத்தகங்களைத் தேடி வாசித்தேன். உள்ளே இருந்தது பெரும்பாலும் ஒளியியலும் சட்டம் எழுதும் கலையும்தான். ஒரேயொரு விதியை எடுத்துக்கொள்வோம்: மாயத்தால் மறைந்தவனை யார் பார்க்கலாம்?

கதை 1824இல் பிரஷ்யாவில் தொடங்குகிறது. ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி, தன் தந்தை தொடங்கிய போர் விளையாட்டைத் திருத்தி இராணுவப் பயிற்சிக்குக் கொடுத்தார். சதுரங்கத்தில் இரண்டு பக்கமும் எல்லாக் காய்களையும் பார்க்கலாம். இங்கே அப்படியில்லை. எதிரியின் படை உண்மையில் கண்ணில் படும் இடத்துக்கு வந்தால்தான் நடுவர் அதை வரைபடத்தில் வைப்பார். அதுவரை யார் எதைப் பார்க்கிறார் என்பதெல்லாம் நடுவரின் தலைக்குள் இருக்கும். நடுவர் நேர்மையாக இல்லாவிட்டால் விளையாட்டே இல்லை.

அமெரிக்காவில் 1971இல் வந்த 'செயின்மெயில்' என்ற போர் விளையாட்டில் மாயமும் சேர்ந்தது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெஸனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள். மறைவு மந்திரத்துக்கு அப்போதே ஒரு கடிவாளம் இருந்தது: மறைந்திருந்தபடி அடிக்க முடியாது. அடித்தால் மறைவு கலையும். இது இல்லாவிட்டால் ஒரே மந்திரம் எல்லாச் சண்டையையும் முடித்துவிடும்.

அதே 1974 புத்தகத்தில் இன்னொரு விநோதமும் உண்டு. பாதாளத்தில் வாழும் மிருகங்களுக்கு இருட்டில் நிரந்தரமாகக் கண் தெரியும். ஆனால் அதே மிருகம் ஒரு விளையாட்டுக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தால் அந்தப் பார்வை போய்விடும்! உயிரியலில் இதற்குக் காரணம் தேடாதீர்கள். இருட்டு விளையாட்டுக்காரருக்குப் பயமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். யாருக்கு எது தெரியும் என்பதை இங்கே கண் தீர்மானிக்கவில்லை, விதி எழுதியவர் தீர்மானித்தார்.

1979இல் கைகாக்ஸ் நடுவர்களுக்கான புத்தகத்தில் இதற்கு விஞ்ஞான விளக்கம் கொடுக்கப் பார்த்தார். சாதாரண இருட்டுப் பார்வை என்றால், பொருட்களிலிருந்து வரும் வெப்பக் கதிர்களைக் கண் உணர்வது. சுற்றுப்புறத்தின் அதே வெப்பநிலையில் உள்ள பொருள் தெரியாது. பக்கத்தில் தீப்பந்தம் எரிந்தால் அந்தப் பார்வை வேலை செய்யாது. ஆனால் ஆழத்தில் வாழும் சில மிருகங்களின் கண்களோ தாமே அகச்சிவப்புக் கதிரை வீசிப் பார்க்கும் என்றார்.

இந்த இடத்தில் நான் வாசிப்பை நிறுத்திவிட்டேன். இது மிகப் பழைய விவாதம். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று யூக்ளிட்டும் தொலமியும் நினைத்தார்கள். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' நூலில் அதை மறுத்தார். கடும் வெளிச்சத்தைப் பார்த்தால் கண் நோகிறது. அப்படியென்றால் ஏதோ ஒன்று வெளியிலிருந்து கண்ணுக்குள் வருகிறது என்பது அவர் காட்டிய ஆதாரங்களில் ஒன்று. கைகாக்ஸின் புத்தகத்தில் இரண்டு கொள்கையும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கின்றன!

2000இல் மூன்றாம் பதிப்பு வெப்பக் கதைகளைக் கைவிட்டது. இருட்டுப் பார்வை என்றால் இத்தனை அடி தூரம், கறுப்பு வெள்ளையில் தெரியும். முடிந்தது. 2003இல் திருத்திய பதிப்பில் மறைவும் கணக்காகிவிட்டது: ஓரளவு மறைந்தவனை அடித்தால் 20 வீதம் தவறும், முழுதாக மறைந்தவன் எந்தச் சதுரத்தில் நிற்கிறான் என்று முதலில் ஊகிக்க வேண்டும், ஊகம் சரியென்றாலும் 50 வீதம் தவறும்.

2014இல் ஐந்தாம் பதிப்பு இதை எளிமையாக்கியது. கண்ணுக்குத் தெரியாதவனை அடித்தால் இரண்டு தாயம் உருட்டிக் குறைந்ததை எடு. அவன் உன்னை அடித்தால் கூடியதை எடுப்பான். இரண்டும் ஒன்றாக வந்தால் ஒன்றையொன்று வெட்டிவிடும். அழகான விதிதான். ஆனால் அடர்ந்த பனிமூட்டத்துக்குள் இரண்டு வில்லாளிகளை நிறுத்திப் பாருங்கள். இருவருக்கும் எதுவும் தெரியாது. பார்க்க முடியாததால் ஒரு நட்டம், பார்க்கப்படாததால் ஒரு இலாபம். இரண்டும் வெட்டுப்பட்டு, பட்டப்பகலில் எய்வதுபோலவே எய்வார்கள்!

அடுத்த சிக்கல் பெரியது. 'மறைந்த நிலை' என்ற தலைப்பின் கீழ், மறைந்தவனை அடித்தால் நட்டம், அவன் அடித்தால் இலாபம் என்று இருந்தது. 'அவனைப் பார்க்க முடியாதவருக்கு' என்ற நிபந்தனை அந்த வரியில் இல்லை. மறைந்தவரைப் பார்க்க வைக்கும் மந்திரம் தனியாக உண்டு. அதைப் போட்டவருக்கு அவன் முன்னால் தெளிவாகத் தெரிகிறான். ஆனாலும் விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால், அவருக்கும் அதே நட்டம்தான்! வருடக்கணக்கில் சண்டை. ஒரு பக்கம் "எழுதியிருப்பது இதுதான்" என்றது. மறுபக்கம் "எழுதியவர் நினைத்தது அதுவல்ல" என்றது. பல மேசைகளில் நடுவர்கள் பொதுப்புத்தியால் தீர்த்தார்கள்.

2024 பதிப்பில் திருத்தம் வந்தது: உன்னை எப்படியாவது பார்க்க முடிந்தவரிடம் உனக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு வாக்கியத்துக்குப் பத்து வருடம். ஆனால் அதே பதிப்பில், சாதாரணமாக ஒளிந்துகொண்டவனுக்கும் அதே 'மறைந்த நிலை' கிடைக்கிறது. தூணுக்குப் பின்னால் ஒளிந்தவன் வெட்டவெளிக்கு நடந்து வந்தால் இன்னும் மறைந்தவனா? புதிய சண்டை தொடங்கிவிட்டது.

இதில் நமக்கு என்ன இருக்கிறது? மறைவை ஒருவன் உடுத்திக்கொள்ளும் சட்டைபோல எழுதினார்கள். பிழை அங்கேதான். நான் உங்களுக்கு மறைந்திருக்கலாம், உங்கள் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியலாம். 'யாருக்கு' என்ற ஒரு சொல் விடுபட்டால் விதி அநியாயமாகிவிடும். பாடசாலை ஒழுக்க விதியானாலும் சரி, நாட்டின் சட்டமானாலும் சரி, இதுவேதான். 1824இல் நடுவரின் நேர்மையை நம்பியதை இன்று எழுத்தில் கொண்டுவரப் பார்க்கிறோம். எழுத்து எவ்வளவு திருந்தினாலும் மேசையில் ஒரு நேர்மையான ஆள் தேவைப்படத்தான் செய்கிறது.

அந்தத் தாய்க்கு என் பதில்: பிள்ளைகள் நேரத்துக்குப் படிக்கிறார்களா, தொழுகிறார்களா, தூங்குகிறார்களா என்று பாருங்கள். அது சரியென்றால், ஒரு வாக்கியத்தின் பொருளுக்காக அரை மணித்தியாலம் நியாயம் கதைக்கும் பிள்ளையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அப்படி வாசிக்கத்தான் வகுப்பில் நாங்கள் படாத பாடு படுகிறோம்.

தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தவன் பற்றி உங்கள் தீர்ப்பு என்ன? கீழே எழுதுங்கள். காரணத்தோடு.