முத்தும் சிலிண்டரும்

மன்னார் கடல் எண்டதும் 1905இன் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பைத்தான் பேசுவம். அந்தக் குளியாளிகள் கல்லோடு இறங்கி, ஒரே மூச்சில் ஏறினார்கள்.

இப்ப சங்குக்கும் அட்டைக்கும் சிலிண்டரோட இறங்குறாங்கள். ஆழத்தில் சுவாசிக்கிற காற்றின் நைதரசன் உடம்பில் கரையும். அவசரமா மேல வந்தா, சோடாப் போத்தல் திறந்த மாதிரி குமிழியாகும். முள்ளந்தண்டைத் தாக்கினால் கால் விளங்காது. மூளையை எண்டால் பாரிசவாதம் மாதிரியே. இருபது வயதுப் பெடியனுக்கும் வரும்.

இது புது அறிவில்லை. பிரான்சின் போல் பேர்ட் 1878இலேயே காரணத்தை எழுதிவிட்டார். 1908இல் ஹோல்டேன், எங்கெங்க நிண்டு நிண்டு ஏறவேணும் எண்டு அட்டவணையே போட்டார். மூச்சடக்கி இறங்கின எங்கட ஆக்களுக்கு அது தேவைப்படேல்ல. இப்ப தேவை.

ஏறி வந்தவனுக்குக் கால் மரத்தால், 'படுத்தாச் சரி' எண்டு விடக்கூடாது. ஒக்சிசன் குடுத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும்.