சின்ன சிப்பு, பெரிய எண்: மொழி கட்டாயப்படுத்தணுமா?

இன்னைக்கு எபிசோட் கம்ப்யூட்டர் வரலாறு பத்தினது. ஆனா தொடங்குற இடம் களியக்காவிளை, தமிழ்நாட்டின் எல்லை ஊர். இங்கே பஸ் ஏறினா பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் தாண்டி திருவனந்தபுரம் வந்துடும். அங்கே தும்பாவில் இருக்கு விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். இஸ்ரோ ராக்கெட்டுகளுக்கு வழிகாட்டுற புராசசரை வடிவமைச்சது அந்த மையம்தான். 2009-லிருந்து அந்த ராக்கெட்டுகளில் பறந்த சிப் பேரு விக்ரம்1601. அது 16-பிட் சிப்.

16-பிட்னா என்ன அர்த்தம்? ஒரே தடவையில அது கையாளுற முழு எண், மைனஸ் 32,768-லிருந்து 32,767 வரைக்கும்தான். 32,767-ஓட ஒண்ணு கூட்டினா, பல சிப்புகள்ல சத்தமே இல்லாம மைனஸ் 32,768 வந்து நிக்கும். பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999 தாண்டினதும் 00000-க்குத் திரும்புற மாதிரி. இதுக்குப் பேர்தான் ஓவர்ஃப்ளோ.

அப்போ சின்ன சிப்பில் பெரிய எண்ணே போட முடியாதா? முடியும். நாம பேப்பர்ல கணக்குப் போடுறது போலத்தான். துண்டு துண்டாக் கூட்டி, மிஞ்சினதை அடுத்த இலக்கத்துக்குக் கொண்டு போகணும். பழைய ஆர்டுயினோ ஊனோ போர்டில் இருக்கிறது 8-பிட் சிப். அதில் ரெண்டு 64-பிட் எண்களைக் கூட்ட, 8 சின்னக் கூட்டல் வேணும். அதே எண்களைப் பெருக்கி 64-பிட் விடை எடுக்கணும்னா, பள்ளிக்கூட முறையில் 36 சின்னப் பெருக்கல். வகுத்தல் இன்னும் மோசம். நேரமும் போகுது, நினைவகத்திலும் இடம் போகுது. அந்த போர்டோட ராம் மொத்தமே 2 கிலோபைட்.

இங்கேதான் பழைய சண்டை ஒண்ணு வருது. சிப் எவ்வளவு சின்னதா இருந்தாலும் பெரிய எண்களைத் தந்தே ஆகணும்னு புரோகிராமிங் மொழி சட்டம் போடலாமா? மூணு மொழிகள் மூணு விதமா பதில் சொல்லியிருக்கு.

முதல்ல சி. 1989 தரநிலையில், மிகப் பெரிய முழு எண் வகைக்குக் குறைஞ்சது 32 பிட் இருந்தா போதும். 1999-இல் புதுசா ஒரு வகையைச் சேர்த்து, குறைஞ்சது 64 பிட் கட்டாயம்னு எழுதிட்டாங்க. 8-பிட் சிப்பா இருந்தாலும் கம்பைலர் அதைத் தரணும்.

அடுத்தது ஜாவா. எந்த மெஷின்லயும் ஒரே அளவு, 32 பிட், 64 பிட்னு பெருமையா ஆரம்பிச்ச மொழி. ஆனா சிம் கார்டுக்கும் வங்கி அட்டைக்கும் ஜாவா கார்டுங்கிற பதிப்பு வந்தப்போ, 64-பிட் எண்ணையே எடுத்துட்டாங்க. 32-பிட்கூட விருப்பம் இருந்தா தரலாம்னு ஆயிடுச்சு. சட்டம் சிப்புக்கு முன்னாடி வளைஞ்சுது.

மூணாவது அடா. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக, ஆயுதங்களுக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர்களை மனசுல வெச்சு உருவான மொழி. இதில் "இந்த எண் 0-லிருந்து இவ்வளவு வரைக்கும் போகும்"னு நாமளே எழுதலாம். அந்த அளவு தன்னால முடியாதுன்னா, கம்பைலர் அப்பவே மறுத்துடும். ராக்கெட் பறக்கிற வரைக்கும் காத்திருக்காது.

சரி, அப்போ அடா எழுதினா பிரச்சினையே வராதா? 1996 ஜூன் 4-ஐப் பாருங்க. ஐரோப்பாவோட ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம். கிளம்பும் வரிசை தொடங்கி சுமார் 40 நொடியில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் பாதை விலகி வெடிச்சுது. நாலு கிளஸ்டர் விண்கலங்களும் போச்சு. காரணம், கிடைமட்ட வேகத்தோட தொடர்புள்ள ஒரு 64-பிட் தசம எண்ணை 16-பிட் முழு எண்ணா மாத்தப் போனது. எண் கொள்ளல. அந்த மென்பொருள் எழுதப்பட்டது அடாவில்தான்!

விசாரணை அறிக்கை சொன்ன விஷயம் முக்கியம். ஆபத்துள்ள மாறிகள் ஏழுன்னு முன்னாடியே தெரியும். நாலுக்கு மட்டும் பாதுகாப்பு போட்டாங்க. மூணை விட்டுட்டாங்க. ஏன்னா புராசசர் வேலைச்சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுங்கிற இலக்கு. அந்தக் கோடு ஏரியான் 4-க்கு எழுதினது. புது ராக்கெட்டோட பாதை விவரம் தேவைப் பட்டியல்ல சேரவே இல்ல. மொழி தவறைக் கண்டுபிடிச்சு எச்சரிச்சுது. அதைச் சமாளிக்கத்தான் வழி எழுதி வைக்கல. அதனால வழிகாட்டும் கருவி தன்னைத்தானே நிறுத்திக்கிச்சு. மாற்றுக் கருவியிலும் அதே கோடு, அதே முடிவு.

இப்போ திரும்ப தும்பாவுக்கு வருவோம். விக்ரம்1601-க்கு அடுத்து வந்தது விக்ரம்3201. 32-பிட், தசம எண் கணக்கும் தெரியும். சண்டிகரில் உள்ள செமிகண்டக்டர் லேபரட்டரியோட சேர்ந்து செஞ்சது. 2024 டிசம்பர் 30-இல் பிஎஸ்எல்வி-சி60 பயணத்தில், போயம்-4 மேடையின் கம்ப்யூட்டர்ல விண்வெளியில சோதிச்சாங்க. 2025 மார்ச்சில் முதல் தயாரிப்புத் தொகுதியை இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் வாங்கிக்கிட்டார். அவர் பிறந்தது கன்னியாகுமரி மாவட்டம் மேலக்காட்டுவிளை. இந்தச் சிப்பின் மொழியும் அடாதான். கம்பைலர், அசெம்ப்ளர், லிங்கர் எல்லாம் இஸ்ரோவே எழுதினது.

கட்டாயம் வேண்டாம்னு சொல்றவங்க வாதம் இங்கே நல்லாப் புரியும். மொழி சட்டம் போட்டா, அந்தப் பெருக்கலையும் வகுத்தலையும் யாரோ உட்கார்ந்து எழுதி, சோதிச்சு, ராக்கெட்டுக்கு ஏத்ததுன்னு சான்று தரணும். பயன்படுத்தாத வசதிக்கும் அந்த உழைப்பு போகும்.

இருந்தாலும் என் பக்கம் இதுதான்: பெரிய எண் மொழியில் கட்டாயம் இருக்கணும், கேட்டா மட்டும் வரணும். முடியாத சிப்பில் கம்பைல் பண்ணும்போதே சத்தமா மறுக்கணும். ஏரியானில் அந்த மாறி எவ்வளவு வளரும்னு புதுப் பாதையை வெச்சு யாரும் எழுதி வைக்கல. எந்த மொழியும் அந்த வேலையை நமக்காகச் செய்யாது, ஆனா எழுதச் சொல்லிக் கேட்கலாம்.

வீட்டுல ஆர்டுயினோ வெச்சு செடிக்குத் தண்ணி விடுறவங்க ஒண்ணு பாருங்க. அதோட மில்லிசெகண்ட் கணக்கு 32-பிட். சுமார் 50 நாளில் பூஜ்ஜியத்துக்குத் திரும்பிடும். உங்க கோடு அதைத் தாங்குமான்னு இன்னைக்கே பார்த்துடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.