பல்லாவரத்து ஈரடுக்கு இறக்கையும் முதுகில் ஏறிய எஞ்சினும்

விருத்தாசலம் என்ற பெயரைக் கேட்டதும் இலக்கிய வாசகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் புதுமைப்பித்தன். அவருடைய இயற்பெயர் சொ. விருத்தாசலம். மற்றவர்களுக்குப் பழமலைநாதர் கோயிலும் ரயில் சந்திப்பும் பீங்கானும் நினைவுக்கு வரக்கூடும். நாம் இங்கே பேச இருப்பது வானத்தில் பறப்பதைப் பற்றி. ஆயினும் பீங்கானிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு.

மின்சாரச் சாமான்களுக்கான பீங்கான், களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற மூன்றின் கலவை. களிமண் பிடித்த வடிவத்தைக் காக்கும். ஃபெல்ஸ்பார் சூளையில் உருகிக் கண்ணாடிபோல் இடைவெளிகளை அடைக்கும். குவார்ட்ஸ் எலும்புக்கூடாக நின்று தாங்கும். களிமண் கூடினால் உலரும்போது சுருங்கி வெடிக்கும். ஃபெல்ஸ்பார் கூடினால் சூளைக்குள்ளேயே குழைந்து கோணிவிடும். குவார்ட்ஸ் கூடினாலோ சூளை ஆறும்போது, ஏறத்தாழ 573 பாகை செல்சியஸ் அளவில் அதன் படிக அமைப்பு மாறிச் சட்டெனச் சுருங்குவதால் விரிசல் விழும். விருத்தாசலத்துப் பட்டறைகளில் அச்சில் அழுத்தி எடுக்கப்பட்ட ஃபியூஸ் கட்டை ஒவ்வொன்றும் இம்மூன்றுக்கும் இடையே எட்டப்பட்ட ஓர் உடன்பாடு எனலாம்.

பெட்ரோல் எஞ்சினின் உயிர்நிலையாகிய ஸ்பார்க் பிளக்கிலும் ஒரு பீங்கான் துண்டு இருக்கிறது. ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தத்தையும், உள்ளே எரியும் நெருப்பையும், மறுகணமே வந்து மோதும் குளிர்ந்த காற்றையும் அது ஒருசேரத் தாங்க வேண்டும். ஜெர்மனியில் பாஷ் நிறுவனத்தின் கோட்லோப் ஹோனோல்ட் உயர் அழுத்த மேக்னட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் 1902இல் உருவாக்கினார். இன்று பிளக்கில் இருப்பது விருத்தாசலத்து மண்கலவையன்று, அலுமினா. எனினும் இனம் ஒன்றே. அந்தச் சிறு துண்டு பிளந்தால் எஞ்சின் நிற்கும். எஞ்சின் வானத்தில் நின்றால் என்ன ஆகும் என்ற கேள்வியில்தான் பறக்கும் இயந்திரங்களின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

தமிழகத்தில் இக்கேள்வியை முதலில் தன் உடம்பை வைத்துக் கேட்டவர் ஓட்டல் முதலாளி ஒருவர். ஜாகமோ டி ஆஞ்சலிஸ் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்து, இனிப்புப் பண்டங்கள் செய்து விற்று, பின்னர் மவுண்ட் ரோட்டில் தம் பெயரிலேயே ஓட்டல் நடத்தியவர். 1909 ஜூலை 25ஆம் தேதி லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அதன் பின் எட்டு மாதங்களுக்குள், 1910 மார்ச்சில், டி ஆஞ்சலிஸ் தாமே வடிவமைத்த விமானத்தில் பல்லாவரத்தில் பறந்தார். பொதுமக்களுக்கும் பறந்து காட்டினார். அதைக் கட்டிக் கொடுத்தது மவுண்ட் ரோட்டின் சிம்சன் நிறுவனம். 1840இல் தொடங்கி, கோச்சு வண்டி கட்டுவதில் பெயர் பெற்ற சிம்சனில்தான் 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றையும் உருவாக்கினார். மரத்தை வளைக்கவும், துணியை இழுத்துக் கட்டவும், இரும்பைப் பொருத்தவும் தெரிந்த கைகள் அங்கே இருந்தன. வரலாறு எழுதுவோர் முதலாளியின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் எழுதுகிறார்கள். மரம் வளைத்தவரின் பெயரை யாரும் எழுதுவதில்லை.

பாடநூல்களில் இந்திய விமானக் கதை பெரும்பாலும் அலகாபாத்தில் தொடங்கும். 1911 பிப்ரவரி 18இல் ஆன்ரி பெக்கே அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களைக் கொண்டு சென்றார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சல் அதுவே. அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே பல்லாவரத்தில் ஒருவர் பறந்துவிட்டார் என்பதைச் சுட்டி, இந்தியாவில் முதல், ஆசியாவிலேயே முதல் என்றெல்லாம் வாதிடுவோர் உண்டு. அந்தப் பந்தயத்தில் நமக்குப் பெரிய ஆர்வமில்லை. நம்மை ஈர்ப்பது, அவர் எதைத் தேர்ந்தார் என்பது. பிளேரியோவின் விமானம் ஓரடுக்கு இறக்கை கொண்டது. அதைக் கண்டு ஊக்கம் பெற்ற டி ஆஞ்சலிஸோ ஈரடுக்கு இறக்கையைக் கட்டினார். அதில் குறைந்த குதிரைத் திறன் கொண்ட எஞ்சினைப் பொருத்தினார். இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்த முடிவுகள் என்றே நாம் கருதுகிறோம்.

காரணம் எளியது. இறக்கையின் தூக்குவிசை அதன் பரப்போடும் வேகத்தின் இருமடியோடும் பெருகும். எஞ்சின் வலியதானால் சிறிய இறக்கையோடு வேகமாகப் போகலாம். எளியதானால் பரப்பைக் கூட்டி மெதுவாகப் போக வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகளை வைத்துக் கம்பிகளால் இழுத்துக் கட்டினால் ஒரு பெட்டிபோல் உறுதிப்படும்; குறைந்த மரத்தில் நிறைந்த பரப்புக் கிடைக்கும். அத்தனை கம்பிகளும் கழிகளும் காற்றைத் தடுக்கும் என்பதே அதற்குக் கொடுக்கும் விலை. 1903 டிசம்பர் 17இல் ரைட் சகோதரர்கள் பறந்த ஈரடுக்கு விமானம் ஆளோடு சேர்த்து ஏறத்தாழ 340 கிலோ. இறக்கைப் பரப்பு ஏறத்தாழ 47 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் துணி சுமந்தது ஏழு கிலோவுக்குச் சற்று மேல். பிளேரியோவின் விமானத்தில் அதே அளவு துணி ஏறத்தாழ மூன்று மடங்கு சுமந்தது. ஆகவே அது விரைவாகப் பறந்தது, விரைவாகவே தரையிறங்கவும் வேண்டியிருந்தது. பயிற்சியற்ற ஒருவர் தாமே கட்டித் தாமே ஓட்டும்போது மெதுவாக இறங்கும் இயந்திரத்தை நாடியது கோழைத்தனமாகாது. அது கணக்கு.

அதே காலத்தில் பாரீசில் பிரேசில் நாட்டவரான சாந்தோஸ் துமோன் வேறொரு வழியில் போனார். அவருடைய ‘தெமுவாசெல்’ மூங்கில் உடலும் பட்டுத் துணியும் கொண்ட சின்னஞ்சிறு விமானம். ஐந்து மீட்டருக்குச் சற்று அதிகமான இறக்கை அகலம். அதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை. விரும்பியவர் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். விமானம் என்பது தனியொருவர் வைத்துக்கொள்ளும் பொருளாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தின் தொடக்கம் அங்கே இருக்கிறது. அவ்வெண்ணம் முழுதாக நிறைவேற எழுபது ஆண்டுகள் பிடித்தன.

நிறைவேற்றியது மரமோ இரும்போ அல்ல, துணி. 1964இல் அமெரிக்கரான டொமினா ஜால்பர்ட், காற்று உள்ளே புகுந்து நிரப்புவதால் மட்டுமே இறக்கை வடிவம் பெறும் ஒரு துணிக்கூட்டுக்குக் காப்புரிமை கோரினார். குச்சி இல்லை, கம்பி இல்லை; அறை அறையாகத் தைத்த துணி மட்டுமே. 1978இல் பிரான்சின் மியூசி என்னும் மலையூரில் பாராசூட் வீரர்கள் சிலர் அத்தகைய துணியோடு சரிவில் ஓடி எழுந்தனர். பாராகிளைடிங் அங்கிருந்து பரவியது. மலை இல்லாத ஊர்க்காரர் என்ன செய்வது? 1980ஐ ஒட்டி இங்கிலாந்தில் முதுகில் எஞ்சினைக் கட்டிக்கொண்டு தரையிலிருந்தே எழும் முறை தோன்றியது. அதுவே பாராமோட்டார். விருத்தாசலம் போன்ற சமவெளிக்கு உரிய வானூர்தி எதுவென்று கேட்டால் அதையே காட்ட வேண்டும்.

இன்று அதை வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது பெரும்பாலும் எத்தனை குதிரைத் திறன் என்பதே. அது தவறான இடத்தில் தொடங்கும் கேள்வி என்பது நம் கருத்து. ரைட் சகோதரர்களின் எஞ்சின் 3,300 சி.சி. கொள்ளளவும் 80 கிலோவுக்கு மேல் எடையும் கொண்டது. தந்தது 12 குதிரைத் திறன். இன்றைய பாராமோட்டாரின் மிகச் சிறிய 80 சி.சி. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினே ஏறத்தாழ 15 குதிரைத் திறன் தருகிறது. பறப்பதற்கான திறன் இன்று எளிதில் கிடைக்கிறது. கிடைக்காதது கால் வலிமை. பாராமோட்டாரின் சக்கரங்கள் ஓட்டுபவரின் இரு கால்களே. 20 முதல் 30 கிலோ வரையிலான சுமையோடு, தலைக்குமேல் துணியை எழுப்பி, காற்றில்லாத காலையில் ஓடி எழ வேண்டும். 185 சி.சி. எஞ்சின் 25 குதிரைத் திறன் தரும், உந்துவிசை மிகும், எழும் ஓட்டம் குறையும். ஆனால் எடை ஏறும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், முறுக்கமும் வலுக்கும். சுழல்விசிறி ஒரு பக்கம் சுழல, அதைச் சுமப்பவரின் உடல் மறுபக்கம் திரும்பப் பார்க்கும். ஒல்லியான ஒருவர் பெரிய எஞ்சினைக் கட்டிக்கொண்டு எழுந்தவுடன் முழு விசையையும் திறந்தால் தாம் நினையாத திசையில் திரும்பிவிடுவார். தரைக்கு அருகில் அது உயிருக்கே உலை வைக்கும்.

சுழல்விசிறியிலும் இதே வழக்குதான். குறைந்த காற்றை வேகமாகத் தள்ளுவதைவிட நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது சிக்கனம் என்பதை ரைட் சகோதரர்கள் அறிந்திருந்தனர். சங்கிலி போட்டு வேகத்தைக் குறைத்து, 2.6 மீட்டர் நீளமுள்ள இரண்டு விசிறிகளை எதிரெதிர்த் திசையில் சுற்றவிட்டு முறுக்கத்தையும் ஒழித்தனர். நிமிடத்துக்கு 8,000 சுற்று ஓடும் பாராமோட்டார் எஞ்சினும் பல்சக்கரமோ பட்டையோ கொண்டு விசிறியை மூன்றில் ஒரு பங்கு வேகத்துக்கு இறக்குகிறது. விசிறி 140 சென்டிமீட்டர் வரை பெரிதானால் சிக்கனம். ஆனால் அதைச் சுற்றியுள்ள கூண்டும் பெரிதாகும், தோள் சுமை கூடும், காரில் ஏற்றுவது கடினமாகும். கூண்டின் குழாயை மெலிதாக்கினால் எடை குறையும். விழுந்தால் நெளிந்து விசிறியைத் தொடும். மின்சார ஸ்டார்ட்டர் வேண்டுமா, கயிற்றை இழுத்தே கிளப்பலாமா? பொத்தான் வசதிதான், பேட்டரியையும் சுமக்க வேண்டுமே.

இறக்கையின் தேர்வு எஞ்சினைவிட முக்கியம். பெரிய, அகலம் குறைந்த துணி மெதுவாக எழும், மெதுவாக இறங்கும், காற்றுக் குலுக்கலில் மடங்கினாலும் பெரும்பாலும் தானே விரியும். சிறிய துணி விரைவாகப் போகும், கூர்மையாகத் திரும்பும், பிழையை மன்னிக்காது. ஆளும் எஞ்சினும் பெட்ரோலும் துணியும் சேர்ந்து 115 கிலோ என்றும், துணி 24 சதுர மீட்டர் என்றும் கொண்டால், சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ கூட இல்லை. ரைட் விமானத்தைவிடவும் இது மென்மையான கணக்கு. பிளேரியோ போன திசைக்கு நேர் எதிராக, டி ஆஞ்சலிஸ் நின்ற பக்கமாக, பாராமோட்டார் இன்னும் நெடுந்தூரம் சென்றிருக்கிறது. வேகத்தை விட்டுக்கொடுத்து எளிமையை வாங்கியிருக்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அதற்கு 30 கிலோமீட்டர் எதிர்க்காற்று வந்தால், ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். எஞ்சின் நின்றாலோ அது வெறும் பாராகிளைடராக இறங்கும். கீழே வயலோ களமோ இருக்கும்வரை அச்சமில்லை. கீழே தண்ணீர் இருந்தால் கதை வேறு. வார்களால் பிணைக்கப்பட்ட எஞ்சினோடு நீரில் விழுந்தவர் அவிழ்ப்பதற்குள் மூழ்கிவிடுவதே இத்துறையின் கொடிய விபத்து. கடற்கரையிலும் ஏரிமேலும் பறக்க எண்ணுபவர், நீர் பட்டதும் தானே காற்று நிரம்பும் மிதவையின் எடையையும் கணக்கில் சேர்த்தே எஞ்சினைத் தேர வேண்டும்.

ஐரோப்பியக் கையேடுகள் அழுத்திச் சொல்லாத ஒன்று நம் வெயில். 40 பாகை வெப்பத்தில் காற்றின் அடர்த்தி 15 பாகையில் இருப்பதைவிட ஏறத்தாழ எட்டு விழுக்காடு குறைவு. எஞ்சினுக்கு மூச்சு குறையும், விசிறிக்குப் பிடி குறையும், துணியும் கூடுதல் வேகம் கேட்கும். மூன்றும் ஒரே நேரத்தில் குறைந்தால் அதை ஓடும் கால்கள்தான் ஈடுகட்ட வேண்டும். நடுப்பகலில் சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்றுத் தூண்கள் துணியைக் குலுக்கும். ஆகவே கத்திரி வெயில் நாட்டில் பறக்கும் நேரம் என்பது விடிந்து ஓரிரு மணி நேரமும் அந்திக்கு முன் ஓரிரு மணி நேரமும்தான். டி ஆஞ்சலிஸ் பறந்தது மார்ச் மாதம் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். அக்கினி நட்சத்திரத்துக்கு இன்னும் நாள் இருந்தது.

பல்லாவரத்தை ஒட்டி மீனம்பாக்கம் விமான நிலையம் வளர்ந்துவிட்டது. முதுகில் எஞ்சினைக் கட்டிக்கொண்டு அவர் பறந்த இடத்தில் பறக்க வேண்டும் என்று இன்று ஒருவர் ஆசைப்பட்டால் முடியாது. அவ்வான்வெளி பெரிய விமானங்களுக்கு உரியது. அனுமதி பெற்றுக்கொண்டு, ஊருக்கு வெளியே, மின்கம்பிகள் குறுக்கிடாத அறுவடை முடிந்த வயலைத்தான் அவர் தேட வேண்டும். மின்கம்பி இல்லாத வயல் நம் பக்கத்தில் அரிது.