சான்றோர் பெயரும் அரசின் கையும்: ஆஸ்திரேலியாவில் கன்பூசியஸ்

தென் மெல்பனில் 1866இல் எழுப்பப்பட்ட சீ யப் கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. சீ யப் என்பதற்கு நான்கு மாவட்டங்கள் என்பது பொருள். தென்சீனத்துக் குவாங்டாங் பகுதியின் அந்நான்கு மாவட்டங்களிலிருந்து விக்டோரியாவின் தங்க வயல்களுக்கு வந்தோர் அமைத்துக்கொண்ட சங்கமே இதனைக் கட்டியது. முதன்மைத் தெய்வமாகிய குவான் தி, மூவரசர் காலத்துப் படைத்தலைவர். சொல் பிழையாமைக்காகத் தெய்வநிலை எய்தியவர். நடுகல் மரபறிந்த தமிழர்க்கு இதில் வியப்பில்லை. உள்ளே, அயல்மண்ணில் இறந்தோரின் பெயர் பொறித்த நினைவுப் பலகைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன.

சீனத் தொல்சிந்தனை ஆஸ்திரேலியாவிற்கு முதலில் வந்த வடிவம் இதுவே. வந்தவர்கள் அறிஞரல்லர், பெரும்பாலோர் உழவர். சீனர் ஒவ்வொருவரும் கரையிறங்கப் பத்துப் பவுன் வரி செலுத்த வேண்டுமென 1855இல் விக்டோரியா சட்டம் இயற்றியது. வரிக்குத் தப்பத் தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறையில் இறங்கிப் பல நூறு கிலோமீட்டர் நடந்தே தங்க வயல்களை அடைந்தவர் பல்லாயிரவர். பெற்றோர் பேணல், முன்னோர் கடன், பொது நம்பிக்கை ஆகிய கன்பூசிய அறங்கள் அவர்களிடம் நூற்கல்வியாக அன்றி, நோயுற்றோரைத் தாங்கும் ஏற்பாடாகவும், இறந்தோரை மறவாத கடமையாகவும் நிலைபெற்றன. அதற்கு எந்த அரசின் துணையும் இருக்கவில்லை.

இரண்டாம் வருகை ஒன்றரை நூற்றாண்டு கழித்து நிகழ்ந்தது. 1919இன் மே நான்கு இயக்கக் காலத்தில் பழமையின் சின்னமாக இகழப்பட்டு, 1970களின் நடுவில் அரசியல் இயக்கமாகவே கண்டிக்கப்பட்ட கன்பூசியஸ் (கி.மு. 551–479), 2004 முதல் சீன அரசின் மொழிப் பரப்பலுக்குப் பெயராக்கப்பட்டார். மெல்பன் பல்கலைக்கழகத்தில் 2007இலும் சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008இலும் கன்பூசியஸ் நிறுவனங்கள் தோன்றின. நியூ சவுத் வேல்ஸ் மாநிலமோ ஒருபடி மேலே சென்று, கல்வித் துறைக்குள்ளேயே அத்தகைய நிறுவனத்தை அமைத்தது. வேற்றரசு ஒன்றின் நிதியில் இயங்கும் அமைப்பு ஓர் அரசுத் துறையின் உறுப்பாகவே இருந்தது விந்தையான ஏற்பாடே. 13 அரசுப் பள்ளிகளில் வகுப்புகள் நடந்தன. 2019 ஆகஸ்டில் அத்திட்டம் முடிவுக்கு வருமென அறிவிக்கப்பட்டது. அரசியல் தலையீடு நிகழ்ந்ததற்குச் சான்று கிட்டவில்லை என்றே துறையின் மீளாய்வு கூறிற்று. தலையீடு உண்டு என்ற எண்ணம் எழ இடமிருப்பதே போதிய காரணமாயிற்று. மெல்பன் பல்கலைக்கழகம் உள்ளிட்ட பல பல்கலைக்கழகங்களும் பின்னர்த் தம் நிறுவனங்களை மூடிவிட்டன.

இவ்வழக்கில் கன்பூசியஸ் என்ன கற்பித்தார் என்பது விவாதப் பொருளாகவே இருக்கவில்லை. ஆசிரியர்க்கு ஊதியம் தருவது யார் என்பதே பொருளாயிற்று. ஆயினும் அவருடைய உரையாடல் தொகுப்பான லுன்யூவிலேயே இதற்கு அளவுகோல் உண்டு. ஆட்சி கையில் வந்தால் முதலில் செய்வது யாது என வினவப்பட்டபோது, பெயர்களைச் சீர்செய்தல் என்றார் அவர். பெயரும் பொருளும் பொருந்தாவிடில் சொல் தடுமாறும். சொல் தடுமாறினால் செயல் கெடும் என்பது அக்கருத்தின் சாரம். ஆள்வோனை ஏய்க்காமல் எதிர்நின்று திருத்துக என்பதும் அவர் அறிவுரை. பொருட்பாலில் பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரம் இடித்துரைப்போரின் இன்றியமையாமையைப் பேசுவதும் இதே நெறியில்தான். இடித்துரைக்கப் பயன்பட வேண்டிய பெயர் அரசின் அடையாளமாகும்போது, அவ்வரசின்மீது எழும் ஐயம் முழுவதும் அப்பெயர்மீதும் படிகிறது. சிட்னியில் நிகழ்ந்தது இதுவே.

இது சீனர்க்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. சிட்னியில் கன்பூசியஸ் வகுப்புகள் முடிவுக்கு வந்த அதே 2019இல், தமிழ்நாட்டில் வள்ளுவரின் ஆடை நிறம் அரசியல் பூசலாயிற்று. 2024 செப்டம்பரில், உலகின் முதல் திருவள்ளுவர் பண்பாட்டு மையம் சிங்கப்பூரில் அமையுமென இந்தியப் பிரதமர் அறிவித்தார். மகிழத்தக்க செய்திதான், எனினும் அம்மையங்கள் பரவுமாயின், பாடத்திட்டத்தை வகுப்பவர் யார், ஆசிரியரை அமர்த்துபவர் யார், உடன்படிக்கை வெளியிடப்படுமா என்னும் கேள்விகள் கூடவே வரும்.

ஆஸ்திரேலியத் தமிழரிடம் இதற்கு முன்னனுபவம் உண்டு. நியூ சவுத் வேல்ஸின் மேனிலைத் தேர்விலும் விக்டோரியாவின் சான்றிதழ்த் தேர்விலும் தமிழ் ஒரு பாடம். அப்பாடத்திற்கு மாணவரை ஆளாக்குபவை பெரிதும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளே. அவற்றை நடத்துவோர் பெற்றோரும் தொண்டர்களும். மாநில அரசு உதவித்தொகை அளித்தாலும், எந்தக் குறளை எந்த வகுப்பில் கற்பிப்பது என்பதை அவர்களே கூடி முடிவு செய்கின்றனர். இப்பள்ளிகளின் அமைப்பு கன்பூசியஸ் நிறுவனத்தினும் சீ யப் சங்கத்திற்கே நெருக்கமானது.