திருச்சபை ஆதரவு மழலையர் பள்ளிகள்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரம்

திருச்சபை ஆதரவு மழலையர் பள்ளி என்பது, தொடக்கப் பள்ளி வயதை எட்டாத ஏழைக் குழந்தைகளைப் பகல் நேரத்தில் பார்த்துக்கொண்டு, உணவும் ஆரம்பக் கல்வியும் தருவதற்காக ஒரு பங்கோ (ஓர் ஆலயத்தைச் சார்ந்த சமூகம்), கன்னியர் மடமோ, மறைமாவட்டத்தின் சமூகப் பணி அமைப்போ நடத்தும் நிலையம். ஊர்ப்பேச்சில் இது பெரும்பாலும் பால்வாடி. தமிழ்நாட்டில் இதன் வரலாற்றை மதப் பரப்பலின் ஒரு கிளையாகச் சொல்வோர் உண்டு. கல்விக் கொடையாகப் போற்றுவோரும் உண்டு. இரண்டிலும் ஓரளவு உண்மை இருந்தாலும் முதன்மையான செய்தி இரண்டிலுமே விடுபட்டுப்போகிறது. கூலி வேலைக்குப் போகும் தாய் தன் குழந்தையை எங்கே விடுவது என்ற கேள்விக்கு விடையாகவே இப்பள்ளி பிறந்தது. அந்தச் செலவைத் தாயல்லாத ஒருவர் ஏற்ற காலம் வரை மட்டுமே அது ஏழைகளுக்குப் பயன்பட்டது. வரலாற்றுச் சான்றுகள் இந்த முடிவுக்கே இட்டுச்செல்கின்றன.

வட்டாரமும் தேவையும்

இவ்வட்டார ஊர்களுக்கு எடுத்துக்காட்டாகப் பூலாம்பாடியை எடுத்துக்கொள்ளலாம். அது பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில் பச்சைமலைப் பக்கம் அமைந்த பேரூராட்சி. இம்மாவட்டம் 1995-இல் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, இடையில் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007-இல் நிலையாகப் பிரிந்தது. கொள்ளிடத்துக்கு வடக்கே மானாவாரி நிலம் மிகுந்த இப்பகுதியில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவை முக்கியப் பயிர்கள். மூன்றும் பெண்களின் கையுழைப்பை நம்பியவை. களை எடுப்பது, பஞ்சு எடுப்பது, கதிர் ஒடிப்பது, வெங்காயம் பிடுங்கித் தாள் அரிவது என எந்த வேலையும் இடுப்பில் குழந்தையோடு செய்யக்கூடியதன்று. வெங்காயம் பிடுங்கும் நாளில் தாயின் முன்னே இருந்த வழிகள் மூன்றுதான்: குழந்தையை வரப்போர மரத்தடியில் தூளி கட்டிப் போடலாம், பாட்டியிடம் விடலாம், இல்லையென்றால் மூத்த பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்தலாம். மூன்றாவது வழி ஒரு குழந்தையைக் காக்க இன்னொரு குழந்தையின் படிப்பைப் பறிக்கிறது. சிறு குழந்தைகளுக்கான பகல் நேர நிலையம் ஒன்று ஊரில் இருந்தால் ஒரே நேரத்தில் இரு பிள்ளைகள் பயன்பெறுகிறார்கள் என்பதை இதிலிருந்து உணரலாம்.

இந்தத் தேவையை அரசே சட்டத்தில் ஒப்புக்கொண்டது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்படி, பணியிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தி அவருக்குக் கூலியும் தர வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அச்சட்டம் தந்த நூறு நாள் வேலையில் ஏரிக்கரைக்கு இது பொருந்துமானால், ஆண்டு முழுதும் வேலை நடக்கும் தனியார் வயலுக்கும் இதே நியாயம் உண்டு. அங்கே சட்டம் எட்டாத இடைவெளியைத்தான் பால்வாடி நிரப்பியது.

தோற்றம்

இத்தகைய பள்ளி உழைக்கும் பெற்றோரின் தேவையிலிருந்தே பிறந்தது என்பதை உலக வரலாறும் காட்டுகிறது. ஃபிரான்சின் அல்சாஸ் மலைக் கிராமங்களில் பணியாற்றிய லூத்தரன் போதகர் ஓபர்லின், பெற்றோர் உழைக்கப் போயிருக்கும் வேளையில் சிறு குழந்தைகளைக் கூட்டி வைத்துக்கொள்ளும் பள்ளிகளை 1770 வாக்கில் தொடங்கினார். பஞ்சாலைத் தொழிலாளர் குழந்தைகளுக்காக ஸ்காட்லாந்தின் நியூ லானார்க்கில் இராபர்ட் ஓவன் 1816-இல் குழந்தைப் பள்ளி திறந்தார். அந்த மாதிரியை இங்கிலாந்தில் பரப்பியவர் சாமுவேல் வில்டர்ஸ்பின்; அதைப் பின்பற்றி 1830-களில் மிஷனரிகள் இந்தியாவிலும் குழந்தைப் பள்ளிகளைத் தொடங்கினர். 1907-இல் மரியா மாண்டிசோரி ரோமில் திறந்த முதல் குழந்தைகள் இல்லம், சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குப் போன பின் தனித்து விடப்பட்ட பிள்ளைகளுக்கானது. பிற்காலத்தில் மாண்டிசோரி என்ற பெயர் வசதியான வீட்டுக் குழந்தைகளின் பள்ளிக்கு அடையாளமாகிவிட்டது. ஏழைகளுக்காகப் பிறந்த ஒன்று கட்டணம் செலுத்தக்கூடியவர்களின் உடைமையாக மாறும் போக்குக்கு இது ஒரு முன்னுதாரணம்.

தமிழகத்தில் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு மறு ஆண்டே பள்ளி தொடங்கினார். ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கொடுத்தே படிக்கவைக்க முடியும் என்பதை அவர் சார்ந்த டேனிஷ்–ஹாலே மிஷன் விரைவில் கண்டுகொண்டது. அரியலூர் பக்கத்தில் ஏலாக்குறிச்சியை மையமாகக் கொண்டு 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பணிசெய்த வீரமாமுனிவர், உபதேசியார்களின் நடத்தைக்காக ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். கிராமத்தில் வேதமும் எழுத்தும் கற்பித்தவர் பெரும்பாலும் உபதேசியாரே. எனினும் உபதேசியார் மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் அல்லர். அதற்குப் பெண்கள் வேண்டியிருந்தது. 1844-இல் புதுச்சேரியில் துப்புயி அடிகளார் பெண் கல்விக்காக உள்ளூர்ப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையை நிறுவியதும், 1858-இல் திருச்சியில் புனித அன்னாள் சபை தோன்றியதும் இந்த வரலாற்றின் முக்கியத் திருப்பங்கள். 1899-இல் புதுச்சேரியிலிருந்து பிரிந்து கும்பகோணம் மறைமாவட்டம் உருவானது. இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அதன் எல்லைக்குள் அடங்கின. கன்னியர் மடம் இருந்த பங்குகளில், சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே தங்கியிருக்கும், சம்பளத்தை நம்பாத பெண்கள் இருந்தார்கள். கட்டடத்தைவிடவும் பாடத்திட்டத்தைவிடவும் இந்த மனிதவளமே இப்பள்ளிகளின் அடித்தளம்.

செலவை ஏற்றவர்கள்

1854-இன் உட்ஸ் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் உதவி மானிய முறை வந்தது. மிஷன் பள்ளிகள் பெருகியதற்கு அது பெரிய காரணம். ஆனால் மானியம் பள்ளி வயதுப் பிள்ளைகளின் படிப்பையே கணக்கில் கொண்டது. மழலையர் பிரிவு அதற்கு வெளியே நின்றது. அந்தக் கோடு இன்றும் அழியவில்லை. அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கு அரசு சம்பளம் தருகிறது. 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதியின் உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் முதலமைச்சரின் காலை உணவு கிடைக்கிறது. அதே வளாகத்தில், அடுத்த அறையில் இருக்கும் நான்கு வயதுக் குழந்தைக்கு அந்த ஆசிரியர் சம்பளமும் இல்லை, அந்தத் தட்டும் இல்லை. ஐந்து வயதுக்கு மேல் அரசின் பொறுப்பு, அதற்குக் கீழே நிர்வாகத்தின் பாடு என்ற இந்தப் பிரிவினைதான் திருச்சபை மழலையர் பள்ளிகளை நன்கொடைக்கும் கட்டணத்துக்கும் இடையே அலையவைத்தது.

இடையில் ஒரு நல்ல காலம் இருந்தது. 1944-இன் சார்ஜன்ட் அறிக்கை, மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளில் 10 லட்சம் பேருக்கு இலவச மழலையர் கல்வி தரப் பரிந்துரைத்தது. 1953-இல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் அமைந்த மத்திய சமூக நல வாரியம் பால்வாடி நடத்தும் தன்னார்வ அமைப்புகளுக்கு மானியம் வழங்கியது. திருச்சபை அமைப்புகளும் அதில் பயன்பெற்றன. 1959-இல் ஜெர்மனியில் தோன்றிய கிண்டர்நோட்ஹில்ஃபே போன்ற கிறிஸ்தவ அமைப்புகள் இந்தியக் குழந்தைகளின் உணவுக்கும் படிப்புக்கும் பணம் அனுப்பின. கன்னியரின் உழைப்பு, வாரிய மானியம், வெளிநாட்டு நன்கொடை என்ற மூன்றும் சேர்ந்திருந்தவரை பால்வாடி இலவசமாக நடந்தது.

பிறகு அரசு நேரடியாக இறங்கியது. 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடு முழுதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. 1980-இல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. 1982 ஜூலை 1-இல் திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம், ஊரகத்தில் இரண்டு வயது முதலே குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டது. அன்றைய திருச்சி மாவட்டத்தில் அடங்கியிருந்த பெரம்பலூர், அரியலூர் கிராமங்களிலும் சிறு குழந்தைகளுக்குச் சோறு போடும் மையம் அரசின் கடமையானது. உணவும் பாடமும் பராமரிப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று தொண்டு நிலையங்கள் நடத்திக்காட்டியதை அரசு மாநிலம் தழுவிய உரிமையாக்கியது. இது திருச்சபைப் பள்ளிகளின் தோல்வியன்று. அவற்றின் மிகப் பெரிய வெற்றி.

தொண்டு நிறுவனங்களின் பணம் மட்டும் அதன் பிறகு சுருங்கிக்கொண்டே வந்தது. தேசிய குழந்தைக் காப்பகத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 2017-இல் 90 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகக் குறைந்தது. அதே ஆண்டு மார்ச்சில், வெளிநாட்டுப் பணத்துக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டால் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனமான கம்பேஷன் இன்டர்நேஷனல் இந்தியப் பணியை முடித்துக்கொண்டது. உள்ளூர்ச் சபைகள் வழியாக அது ஆதரித்த குழந்தைகள் ஏறத்தாழ 1,45,000 பேர். தன் ஊர் விசுவாசிகளின் காணிக்கையிலும் அரசு மானியத்திலும் வேரூன்றாத பணி ஒரே ஆணையில் நின்றுபோகும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

மறுப்புகளும் விடையும்

முதல் மறுப்பு, இப்பள்ளிகள் மதமாற்றத்துக்கான வாசல் என்பது. தொடக்ககால மிஷன்கள் பள்ளியையும் போதனையையும் பிரித்துப் பார்க்கவில்லை என்பது மறைக்க முடியாத உண்மை. தரங்கம்பாடிப் பள்ளிகளில் ஞானோபதேசமும் பாடமாக இருந்தது. திருச்சபைக்குள்ளேயே சாதி இருந்ததும் உண்மை. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. ஆனால் இன்றைய நிலையைச் சட்டம் கொண்டு அளக்க வேண்டும். அரசியலமைப்பின் 28-ஆவது உறுப்பு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் நிறுவனத்தில் பாதுகாவலரின் ஒப்புதல் இன்றிக் குழந்தைக்குச் சமய போதனை தருவதைத் தடுக்கிறது. மூன்று வயதுக் குழந்தையால் மறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது. எனவே மற்றப் பள்ளிகளைவிட மழலையர் பள்ளிக்கே இந்த விதி கண்டிப்பாகப் பொருந்த வேண்டும். அதைக் கடைப்பிடிக்கும் நிலையத்தை, நடத்துபவரின் மதத்தைக் காட்டி மூடச் சொல்வது, வயலுக்குப் போன தாயின் தலையில் சுமையை மீண்டும் ஏற்றுவதாகும்.

இரண்டாம் மறுப்பு, அரசின் குழந்தைகள் மையமான அங்கன்வாடி வந்துவிட்ட பின் இவை எதற்கு என்பது. அங்கன்வாடி உரிமை, அதற்கு மாற்று இல்லை. ஆனால் அங்கன்வாடிப் பணியாளர் உணவு, தடுப்பூசி, எடை பார்த்தல், கர்ப்பிணிகளைச் சந்தித்தல், பதிவேடு என எல்லாவற்றையும் சுமக்கிறார். கற்பிக்க எஞ்சும் நேரம் மிகக் குறைவு. தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை வைத்து கனிமியன், முரளிதரன், வால்டர்ஸ் ஆகியோர் நடத்திய ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. கற்பிப்பதற்கென்றே அரை நாள் ஊழியர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தியபோது கற்பித்தல் நேரம் இரட்டிப்பானது. மொழியிலும் கணக்கிலும் குழந்தைகள் முன்னேறினர். வளர்ச்சிக் குறைபாடும் குறைந்தது. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோதும் எழுந்த முதல் கேள்வி, பாடம் எடுக்கும் ஆள் யார் என்பதே. குறை கட்டடத்தில் இல்லை, ஆளில் இருக்கிறது. ஆள்தான் திருச்சபையின் பழைய பலம்.

மூன்றாம் மறுப்பே வலுவானது: பால்வாடி நடந்த இடங்களில் இன்று கட்டணம் வாங்கும் ஆங்கில வழி நர்சரிகள் நிற்கின்றன, ஏழைகள் வெளியே நிற்கிறார்கள். இதை மறுக்க வழியில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடம் நலிந்த பிரிவினருக்கு உரியது. 2012, 2014-ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அதிலிருந்து விலக்கு அளித்தன. நிறுவனத்தின் தனித்தன்மையைக் காக்க வந்த இந்த விலக்கு, ஏழைக் குழந்தையைச் சேர்க்காமலிருக்க உரிமமாகிவிட்டால், ஏழைகளுக்கென்று தொடங்கிய பணியின் நியாயமே போய்விடும். மானியம் இல்லை, கட்டணம் வாங்காமல் முடியாது என்று நிர்வாகங்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் வளாகத்தின் பெரிய பள்ளி ஈட்டும் வருவாயில் ஒரு பங்கை மழலையர் பிரிவின் இலவச இடங்களுக்கு ஒதுக்க எந்தச் சட்டமும் தடையில்லை.

மதிப்பீடு

முன்னூறு ஆண்டுகளில் தெளிவாகியிருப்பது, ஏழைக் குழந்தைக்கான மழலையர் பள்ளியைக் கட்டணத்தால் நடத்த முடியாது என்பது. கட்டணம் வந்ததும் யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அந்தத் தாயே முதலில் விலகுகிறாள். வெளிநாட்டு நன்கொடையால் நடத்தலாம், ஆனால் அது நிலைக்காது. அரசுப் பணமும் ஊர்மக்களின் உழைப்பும் சேர்ந்தபோது மட்டுமே அத்தகைய பள்ளி நீடித்திருக்கிறது. ஆகவே அரசு, ஐந்து வயதில் போட்ட மானியக் கோட்டை அழித்து, கட்டணம் வாங்காத எந்த மழலையர் நிலையத்துக்கும், அதை நடத்துவது கோயில் அறக்கட்டளையானாலும் ஜமாஅத்தானாலும் திருச்சபையானாலும், ஆசிரியர் சம்பளமும் உணவும் தர வேண்டும். பெரம்பலூர், அரியலூர்ப் பங்குகள், போட்டிக்கு இன்னொரு நர்சரி கட்டுவதை விட்டு, பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரின் சம்பளத்தை ஏற்று, அரசின் ஒப்புதலோடு ஊர் அங்கன்வாடியில் பாடம் நடத்த அனுப்பலாம். வெங்காய அறுவடைக் காலத்தில் தாய் வீடு திரும்பும் வரை குழந்தைகளை வைத்திருக்கத் தங்கள் மண்டபத்தைத் திறந்துவிடலாம். பூலாம்பாடி போன்ற ஊரில் இவ்வளவு செய்யும் பங்கு, இந்த மரபுக்குத் தானே வாரிசு என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.