டைனமோவில் இருந்த தேதி

நான் 31 வருடம் சென்னையில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கம்பெனியின் ஸ்டோர்ஸில் குப்பை கொட்டியவன். ஆள் பெயர் மறந்தாலும் பார்ட் நம்பர் மறக்காது என்று வீட்டில் இன்றும் கேலி செய்வார்கள். அந்தப் பைத்தியம் ஒரே ஒரு முறை வெளியூரில் உதவியது. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

மகள் இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் இருந்தபோது ஆறு மாதம் போய்த் தங்கினேன். 1929 முதல் 1980 வரை எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்கள் தயாரான ஊர் அது. பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவருடைய ஷெட்டில், அவர் அப்பா 1949-ல் புதிதாக வாங்கிய எம்.ஜி. டி.சி. கார் அக்கக்காகக் கழற்றிக் கிடந்தது. 1945 முதல் 1949 வரை சுமார் 10,000 வண்டிகள்தான் அந்த மாடலில் செய்தார்கள். அவற்றின் வரிசை எண் ஒன்றில் தொடங்காது, 0251-ல் தொடங்கும். தொழிற்சாலையின் டெலிபோன் நம்பர் 251 என்பதுதான் காரணம்!

முதல் நாளே ஒரு சிக்கல். யாரோ முன்பு எஞ்சினில் அங்குல அளவு போல்ட்டைத் திணித்து மரையைக் கெடுத்திருந்தார்கள். ஆங்கிலேயர் வண்டி, ஆங்கிலேயர் ஸ்பேனர் சரியாகப் பொருந்துகிறது, ஆனால் மரை மட்டும் மெட்ரிக். ஏன்? முதல் உலகப் போரின்போது ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுதக் கம்பெனி கவன்ட்ரியில் ஒரு தொழிற்சாலை வைத்தது. 1923-ல் மாரிஸ் அதை வாங்கினார். இயந்திரங்களெல்லாம் மெட்ரிக் அளவு. அதனால் மரையை அப்படியே விட்டு, போல்ட்டின் தலையை மட்டும் உள்ளூர் ஸ்பேனருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கும் 5/16 அங்குல போல்ட்டுக்கும் தடிமனில் முடியளவுதான் வித்தியாசம். இரண்டு சுற்று ஏறும், பிறகு மரையைத் தின்றுவிடும். கண்ணால் பார்த்து எடுக்காமல் பாகப் பட்டியலில் எண்ணைப் பார்த்து எடுத்திருந்தால் இந்த வம்பு வந்திருக்காது.

மறுவாரம் அவர் ஒரு டைனமோவை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தார். அது வண்டியோடு வந்ததல்ல என்று யாரோ சொன்னார்களாம். பழையதைக் கொடுத்து, பழுது பார்த்த வேறொன்றை வாங்கப் போகிறார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி வெளியே எடுத்தேன். கம்பி பிரஷும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம் என்று, துணியில் மண்ணெண்ணெய் நனைத்து மெதுவாகத் துடைத்தேன். லூகாஸ், சி45ஒய்வி, அதன் பக்கத்தில் 6 49.

லூகாஸ் கம்பெனி மாடலோடு மாதத்தையும் வருடத்தையும் குத்திவிடும். 1949 ஜூன். வண்டியின் காகிதங்களில் இருந்ததோ 1949 செப்டம்பர். வண்டியை விடச் சில மாதம் மூத்த பாகம் என்றால் கணக்கு சரி. வண்டிக்குப் பின்னால் பிறந்திருந்தால்தான் சந்தேகம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்பா கை பட்ட பொருள் அல்லவா! பெட்டியைப் பிரித்துவிட்டு, அதே டைனமோவுக்கு மறுபடி சுருள் கட்டக் கொடுத்தார்.

இன்னொன்றும் அவருக்குச் சொன்னேன். இரும்பில் வார்த்தே வருகிற எண் வார்ப்பின் எண். அது பார்ட் நம்பர் ஆகாது. ஒரே வார்ப்பைக் கடைந்து இரண்டு வேறு பாகங்கள் செய்யலாம். எஞ்சின் எண் இருக்கும் எட்டுமூலைப் பித்தளைத் தகடும் ஆணி அடித்ததுதான். ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் அடிக்க முடியும். ஆகவே ஒரே எண்ணை நம்பக்கூடாது, நாலைந்து எண்கள் ஒத்துப்போக வேண்டும்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கம்ப்யூட்டர் வந்த வருடம், பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று எழுதி வைத்திருந்த அட்டைகளை எடைக்குப் போட்டவன் நான்தான். மேலே இருந்து வந்த உத்தரவு, உண்மை. ஆனாலும் ஒரு கட்டு எடுத்து வைத்திருக்கலாம்.

உங்கள் வீட்டிலும் பழைய மோட்டாரோ தையல் மெஷினோ இருந்தால், பளபளப்பாக்கும் முன் எண்ணைப் படித்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.